கல் திருப்பி அடிக்கும்

என் இடது கையில் சுண்டுவிரல் இல்லை. கேட்பவர்களிடம் சண்டையில் போனது என்று சொல்வேன். என்னைத் தெரிந்தவர்கள் உடனே நம்பிவிடுவார்கள். உண்மையில் அதை எடுத்தது துறைமுகத்துச் சுவர். ஒருநாள் எங்கள் போட்டைச் சுவரோடு பிடித்துக்கொண்டு நின்றபோது கப்பல் இழுக்கிற ஒரு டக் போட் வேகமாகத் திரும்பிப் போனது. அதன் அலை வந்து மோதியது. மோதிய அலை செத்துப்போயிற்று என்று நினைத்துக் கையைத் தளர்த்தினேன். அது சாகவில்லை. சுவரோடு சுவராக ஓடி, மூலையில் முட்டி, முன்னையைவிட உயரமாகத் திரும்பி வந்தது. போட் சுவரில் அறைந்தது, நடுவில் என் விரல் இருந்தது. நோ வருமுன் எனக்குக் கோபம் வந்தது. மற்றக் கையால் சுவருக்கு ஒரு குத்து விட்டேன். அந்தக் கையும் ஒரு கிழமைக்கு வீங்கிக் கிடந்தது.

சுவருக்கு அடித்தால் யாருக்கு நோகும் என்று அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்கவேண்டும். அடியாத மாடு படியாது என்பார்கள். நான் அடித்தும் படியாத மாடு.

நான் வெடி போட்டு மீன் பிடித்தவன். சட்டத்துக்கு விரோதம், கடலுக்கும் விரோதம், எல்லாம் தெரிந்துதான் செய்தேன். வலையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற பொறுமை எனக்குக் கிடையாது. கும்பிளா மீன் கூட்டம் தண்ணீரைக் கறுப்பாக்கிக்கொண்டு போவதைக் கண்டால் கை துடிக்கத் தொடங்கிவிடும். ஒரு வெடி விழுந்தால் கடல் முதலில் முதுகை உயர்த்தும், பிறகு வெள்ளையாகப் பிளக்கும். காலுக்குக் கீழே போட்டின் அடித்தட்டு குலுங்கும். கரையில் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று மீன் வெட்டுகிற பெண்களுக்குச் சத்தம் காதுக்கு வருமுன் காலில் வந்து இடிக்கும். அவர்கள் காலைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஏழு தலைமுறையையும் திட்டுவார்கள். பிறகு எங்கள் மீனைத்தான் வாங்கி வெட்டுவார்கள்.

எங்கள் பக்கத்தில் வெடிகாரருக்கும் சுழியோடிகளுக்கும் எழுதாத ஓர் உடன்பாடு இருந்தது. சங்கும் கடலட்டையும் எடுக்கச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள்தான் சுழியோடிகள். அவர்களும் நாங்களும் ஒரே பாரில் தொழில் செய்தோம். பார் என்பது கடலுக்கடியில் இருக்கிற கல்மேடு. மீனும் அங்கேதான், சங்கும் அங்கேதான். அவர்கள் எங்களைக் காட்டிக்கொடுப்பதில்லை. பதிலுக்கு நாங்கள் வெடி போடமுன் துடுப்பின் பிடியால் போட்டின் பக்கத்தில் மூன்று தரம் தட்டவேண்டும். தட்டிவிட்டு ஒரு சிகரெட் குடித்து முடிக்கிற நேரம் பொறுக்கவேண்டும். தண்ணீருக்குள் அந்தத் தட்டு வெகுதூரத்துக்குக் கேட்கும். ஆனால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. தலையைச் சுற்றி எல்லாப் பக்கத்திலும் ஒரே நேரத்தில் கேட்கும். கேட்டவன் விலகவேண்டும். எங்கே விலகுவது என்பது அவன் பாடு.

வெடித்த பிறகு குதித்து மீன் பொறுக்குவதும் நான்தான். மேல்தண்ணீரில் நின்ற மீன் மயங்கி மிதக்கும். சிலது கொஞ்ச நேரத்தில் தெளிந்து, வாலை ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு ஓடிவிடும். கல்லோடு ஒட்டி நின்ற மீன் அப்படியில்லை. வெளியே ஒரு கீறலும் இராது. வயிற்றைப் பெருவிரலால் அழுத்தினால் உள்ளே எல்லாம் கூழாகியிருக்கும், நடுமுள் முறிந்திருக்கும். வியாபாரி அதைத் தூக்கி எறிவார். நான் அவர் சட்டையைப் பிடிப்பேன். எத்தனையோ வருடமாக என் பெருவிரல் அந்த வித்தியாசத்தைத் தொட்டுப் பார்த்தது. ஏன் அப்படி என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

என் அக்காவின் புருசன் ஒரு சுழியோடி. அத்தான் என்று கூப்பிட்டாலும் எனக்கு அவர் அண்ணனுக்கும் மேல். ஷெல் அடித்த காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக ஓடியவர்கள். ஒருமுறை பதுங்குகுழிக்குப் போய்ச்சேர நேரமிருக்கவில்லை. இடிந்து கிடந்த ஒரு கல்வீட்டின் சுவரடியில் என்னைத் தள்ளி, எனக்கு மேல் அவர் படுத்துக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் ஷெல் விழுந்தது. துண்டுகளையெல்லாம் சுவர் வாங்கிக்கொண்டது. எங்களுக்குக் காதுக்குள் கூவியதும் வாய்க்குள் மண் போனதும்தான். சத்தம் கேட்டால் கல்லைத் தேடு, கல்லோடு ஒட்டிக்கொள். எங்கள் ஆட்களுக்கு இது யாரும் சொல்லித் தந்ததில்லை, உடம்பில் ஊறியது. இன்றைக்கும் திருவிழாவில் வாணம் விட்டால் எங்கள் வயதுக்காரரில் பாதிப்பேர் தங்களை அறியாமல் சுவர்ப்பக்கம் ஒதுங்குவார்கள்.

ஒரு மத்தியானம் அக்கா வீட்டுக் குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தான் கேட்டார்.

“டேய், நான் எட்டுப் பாகத்தில நிக்கேக்க நீங்கள் தட்டுற சத்தம் கேட்டா என்ன செய்யிறது? சட்டெண்டு மேல வரவும் ஏலாது. வந்தா பிரஷர் பிடிச்சிடும்.”

எட்டுப் பாகம் என்றால் எட்டு ஆள் ஆழம். அந்த ஆழத்தில் கனநேரம் நின்றவர் ஒரேயடியாக மேலே வந்தால் இரத்தத்துக்குள் காற்றுக் குமிழி கட்டிவிடும். கால் கை விழுந்துபோகும், ஆளும் போகலாம். அதைத்தான் சுழியோடிகள் பிரஷர் பிடிக்கிறது என்பார்கள்.

நான் மீன்முள்ளைத் துப்பிவிட்டுச் சொன்னேன். “கீழ கல்லு இருக்குத்தானே அத்தான்? ஷெல்லுக்குச் செய்ததைச் செய்யுங்கோ. கல்லுக்குப் பின்னால போய் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருங்கோ. ஒண்டும் செய்யாது.”

“அதுவும் சரிதான்,” என்றார் அத்தான்.

“சோத்துக்கு முன்னால இருந்து கதைக்கிற கதையைப் பார்,” என்று அக்கா இரண்டு பேருக்கும் பேசினாள். நாங்கள் சிரித்தோம். என் பெருவிரலுக்குத் தெரிந்தது என் வாய்க்குத் தெரியாமல் இருந்தது.

அது நடந்து ஒரு மாதமும் ஆகியிராது. கோணேசர் மலைக்கு வடக்கே உள்ள பாரில் காலையில் நின்றோம். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. எங்கள் போட்டை ஓட்டியவன் ஒரு பாலையூற்றுக்காரன். இரண்டு நாளாக மீன் எங்களை ஏய்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு யாரைக் கண்டாலும் கடிக்கவேண்டும் போலிருந்தது. அப்போது கும்பிளாக் கூட்டம் மேலே வந்தது. துடுப்பைத் தூக்கி மூன்று தரம் தட்டினேன்.

“கொஞ்சம் பொறு. சுழியோடியள் இறங்கியிருக்கினம் போல கிடக்கு,” என்றான் பாலையூற்றுக்காரன்.

“போட் அங்க தூரத்தில நிக்குது. உனக்குக் கண் தெரியேல்லையே?”

போட் நிற்கிற இடத்தில்தான் ஆளும் நிற்பான் என்று ஒரு மடையன்தான் நினைப்பான். சங்கைத் தேடிப் போகிற சுழியோடி பாரோடு பாராக வெகுதூரம் வந்துவிடுவான். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மீன் திரும்பத் தொடங்கியது. சிகரெட் நேரம் பொறுக்கவில்லை. அரைச் சிகரெட் நேரமும் பொறுக்கவில்லை. எறிந்தேன்.

கடல் முதுகை உயர்த்திப் பிளந்தது. காலுக்குக் கீழே ஓர் இடி. அதோடு ஒட்டினாற்போல இரண்டாவது இடி, சின்னது, ஆனால் கூர்மையானது. கீழே இருக்கிற கல்லில் பட்டுத் திரும்பி வருவது அது. எப்போதும் வருவதுதான், எப்போதும் காதில் விழுவதுதான். அன்றைக்கும் அதைச் சட்டைசெய்யவில்லை.

குதிக்கப் போனேன். போட்டிலிருந்து பத்துப் பாகமும் இராது, செத்த மீனுக்கு நடுவில் ஒரு மனிதத் தலை எழும்பியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தத் தலை என் தாயைச் சொல்லி ஏசியது. அத்தானோடு தொழில் செய்கிற மூதூர்ச் சுழியோடி. சங்குப் பையோடு மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருந்தவனை வெடி கன்னத்தில் அறைந்ததுபோல் அறைந்திருக்கிறது. அவ்வளவுதான். மூக்கால் இரண்டு சொட்டு இரத்தம் வந்ததைத் தவிர அவனுக்கு ஒன்றுமில்லை.

“நாயே, நீயா? கீழ உண்ட அத்தான்டா!” என்று கத்தினான்.

மூச்சை இழுத்துக்கொண்டு அப்படியே தலைகீழாக இறங்கினேன். கலங்கிய மண்ணுக்குள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, கையால்தான் தேடினேன். முதல் முறை வெறுங்கையோடு மேலே வந்து காற்றுக் குடித்துவிட்டு மறுபடி போனேன். இரண்டு பெரிய கல் ஒன்றோடொன்று சாய்ந்து நின்ற மூலையில் அத்தான் இருந்தார். முகத்தைக் கல்லில் பதித்து, இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சுவரடியில் எனக்கு மேல் கிடந்த அதே மாதிரிக் கிடந்தார். வாயில் குழாய் இருந்தது, குமிழி வந்துகொண்டிருந்தது. கல்லிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டியிருந்தது. அவர் விட மறுத்தார். முகத்தில் குத்தித்தான் பிடியைத் தளர்த்தினேன்.

மேலே கொண்டுவந்தபோது சுழியோடிகளின் போட் வந்துவிட்டது. அதை ஓட்டியவரும் மூதூரானும் அவரைத் தூக்கி உள்ளே போட்டார்கள். நானும் தொற்றி ஏறினேன். பாலையூற்றுக்காரன் எங்கள் போட்டின் இயந்திரத்தை முறுக்கிக்கொண்டு தப்பிப் பறந்தான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

அத்தான் வாயால் இரத்த நுரை வந்தது. காதாலும் வந்தது. முழங்காலை வயிற்றோடு மடித்துக்கொண்டு மாடு கத்துவதுபோல் கத்தினார்.

“வெடி இல்ல,” என்றான் மூதூரான். “வெடிக்கு நான்தான் கிட்ட நிண்ட. எனக்கு ஒண்டும் ஆகல்லியே? இவன் எட்டுப் பாகத்தில ஒரு மணித்தியாலம் நிண்ட மனுசனை ஒரேயடியா இழுத்துக்கொண்டு வந்திட்டான். பிரஷர் பிடிச்சிட்டு. கீழ இறக்குங்க.”

அதுதான் அவர்களுடைய வைத்தியம். மேலே வந்தவனுக்கு நோவெடுத்தால் புதுச் சிலிண்டரைப் பூட்டி மறுபடி அதே ஆழத்துக்கு இறக்குவார்கள். அரை மணித்தியாலம் வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். அப்படிப் பிழைத்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆகவே யாரும் மறுத்துப் பேசவில்லை. போட் ஓட்டியவர் சிலிண்டரை உருட்டி எடுத்தார்.

ஆளைக் கீழே அமிழ்த்துகிற ஈயப்பட்டியை நான் அத்தானின் இடுப்பில் கட்டினேன். ஓம், நானேதான் கட்டினேன். பிரஷராக இருக்கட்டும் என்று மனதுக்குள் கும்பிட்டேன். பிரஷர் என்றால் அது வெடியில்லை. வெடியில்லை என்றால் அது நானில்லை. ஒரு மனிதன் செத்துக்கொண்டிருக்கும்போதும் எனக்கு என் தோல்தான் பெரிதாக இருந்தது. இதை எழுதும்போது எனக்கு என்னையே பிடித்து அறையவேண்டும் போலிருக்கிறது.

பட்டியை இறுக்கும்போது என் கை அவர் வயிற்றில் பட்டது. பலகை மாதிரி இருந்தது. பெருவிரல் தானாகவே அழுத்திப் பார்த்தது, வியாபாரிக்கு முன்னால் மீனை அழுத்துகிற அதே அழுத்து. அவர் போட்ட சத்தத்தில் எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. மேல்தண்ணீரில் தெளிந்து ஓடுகிற மீன். கல்லோடு கூழாகிக் கிடக்கிற மீன். மேலே நின்ற மூதூரானுக்கு இரண்டு சொட்டு இரத்தம். கல்லைக் கட்டிப்பிடித்தவருக்கு இது. ஷெல் துண்டைச் சுவர் மறிக்கும். தண்ணீருக்குள் வருகிற அடியைக் கல் மறிக்காது, வாங்கித் திருப்பி அடிக்கும். நடுவில் நிற்கிறவனுக்கு இரண்டு அடி, மூலைக்குள் நிற்கிறவனுக்கு மூன்று. அத்தான் குடல் கிழிந்து கிடந்தார். இவரை இன்னும் அரை மணித்தியாலம் கடலுக்குள் வைத்தால் பிணமாகத்தான் ஏற்றலாம்.

“இறக்காதேங்கோ. பிரஷர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு விடுங்கோ,” என்றேன்.

“நீ கதையாத. கதைச்சா உன்னையும் கட்டி இறக்குவன்,” என்றான் மூதூரான். அவன் குழாயை அத்தானின் வாய்க்குள் திணித்தான். நான் அவன் கையைத் தட்டினேன். அவன் என் மூக்கில் குத்தினான். விளங்கப்படுத்த நேரமில்லை. போட்டில் கிடந்த மீன் வெட்டுகிற கத்தியை எடுத்தேன். இரண்டு பேரும் பின்னால் பாய்ந்தார்கள், தங்களுக்குத்தான் என்று நினைத்து. நான் சிலிண்டர்க் குழாயைப் பிடித்து ஒரே இழுவையில் அறுத்தேன். காற்று பாம்பு மாதிரிச் சீறிக்கொண்டு போயிற்று. மற்றச் சிலிண்டரின் குழாயையும் அறுத்தேன். பிறகு கத்தியைக் கடலில் எறிந்துவிட்டு, “இப்ப ஆஸ்பத்திரிதான்,” என்றேன்.

அவர்களைப் பொறுத்தவரை நான் அத்தானைக் கொன்றுவிட்டேன். இருந்த ஒரே மருந்தை அவர்கள் கண்ணுக்கு முன்னால் அறுத்தவன் நான். போட் கரையை நோக்கி ஓடத் தொடங்கியது. மூதூரான் துடுப்பை எடுத்தான். அவன் அழுதுகொண்டே அடித்தான். நான் அத்தானின் தலையை மடியில் வைத்துக்கொண்டு முதுகைக் கொடுத்தேன். தோள் எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

மலையைச் சுற்றித்தான் துறைக்குப் போகவேண்டும். கல்மலை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிற இடம் அது. வெளியே கடல் படுத்துக் கிடந்தாலும் அங்கே படுக்காது. வருகிற அலை மலையில் பட்டுத் திரும்பி, பின்னால் வருகிற அலையோடு மோதி, தண்ணீர் நின்ற இடத்திலேயே துள்ளிக்கொண்டிருக்கும். ஓட்டியவர் நேரம் மிச்சம் பிடிக்க மலையோடு ஒட்டி விட்டார். போட் தூக்கித் தூக்கி அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் அத்தான் கத்தினார்.

“கல்லோட போகாதேங்கோ! விலத்திப் போங்கோ!” என்று நான் கத்தினேன். அதற்கும் ஒரு அடி விழுந்தது. ஆனால் ஓட்டியவர் விலத்தினார்.

பெரியாஸ்பத்திரியில் நோயாளியோடு ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள். மூதூரானை வாசல் கேற்றில் மறித்துவிட்டார்கள். நான் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அங்கே இருந்தவர் ஒரு இளம் பெண் டொக்டர், சிங்களப் பிள்ளை, தமிழைத் தட்டித் தட்டிக் கதைப்பவர். சுழியோடி என்று கேட்டதும், பிரஷர் பிடித்தவர்களை வைத்து வைத்தியம் செய்கிற பிரஷர் அறைக்கு அனுப்புவதற்குத் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டார். அதே நேரம் அக்கா ஓடிவந்து வாசலில் நின்றாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, ஒரு காலில்தான் செருப்பு.

அவளுக்கு முன்னால் சொல்லவேண்டி வந்தது.

“டொக்டர், பிரஷர் இல்லை. வெடி. நான்தான் போட்டனான். இவர் கல்லோட ஒட்டிக்கொண்டு இருந்தவர். நான் சொல்லித்தான் அப்பிடி இருந்தவர். வயித்தைப் பாருங்கோ.”

டொக்டர் தொலைபேசியை வைத்துவிட்டு அத்தானின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். “தண்ணி மேல இல்ல? கீழ, கல்லு பக்கம்?” என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு தாதியைக் கூப்பிட்டு ஓடச் சொன்னார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது திரும்பி என்னிடம், “மேல இருந்தா தண்ணிக்கு மேல காத்து, அது விட்டுக் குடுக்கும். கல்லு விட்டுக் குடுக்காது,” என்றார். என் கையில் மீன்களாக நாள்தோறும் கிடந்ததை அந்தப் பிள்ளை இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டுப் போயிற்று.

அக்கா என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்று நின்றேன். அவள் அடிக்கவில்லை. என் உடைந்த தோளைப் பார்த்தாள். “பொலிஸ் வரமுதல் உந்தத் தோளைக் காட்டி மருந்து போடு,” என்றாள். அதற்குப் பிறகு ஏழு மாதம் அவள் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

அந்த ஏழு மாதமும் நான் மறியலில், கம்பிக்குள் இருந்தேன். உள்ளே கதை வந்துகொண்டிருந்தது. அத்தான் பிழைத்துவிட்டார். குடலில் ஒரு முழத்தை வெட்டி எடுத்தார்கள். இரண்டு காதும் போய்விட்டது, பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. இனிக் கடலில் இறங்க ஏலாது. அக்கா ஒரு கடையில் வேலைக்குப் போகிறாள்.

வெளியே வந்த அன்று பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கதிரையில் இருந்தார், பாதியாகிப் போயிருந்தார். கொல்லட்டும் என்ற முடிவோடுதான் போனேன். அவர் என்னைக் கண்டதும் எழும்பி வந்து கட்டிப்பிடித்து அழுதார்.

“நீ சொன்னபடி கல்லைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்டா!” என்று, தன் குரல் தனக்குக் கேட்காததால், தெருவுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினார். “அதாலதான் உயிர் தப்பினனான்! இல்லாட்டி அண்டைக்கே செத்திருப்பன்!”

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போனாள். பின்னால் போனேன்.

“நீ சொல்லேல்லையே?”

“என்னெண்டு சொல்லுறது?” ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் என்னோடு கதைத்த முதல் கதை அது. “வெடி போட்டது நீயெண்டு தெரியும். அதை மன்னிச்சிட்டார். கல்லால உயிர் தப்பினதெண்டு நினைச்சுத்தான் மன்னிச்சவர். அப்பிடியே விடு. எனக்கு இனி ஒரு சண்டையைப் பார்க்க ஏலாது, தம்பி.”

நான் விட்டிருப்பேன். சத்தியமாக விட்டிருப்பேன். அந்தப் பொய்க்குள் படுத்துக்கொள்வது எனக்கும் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் தேத்தண்ணி குடிக்கும்போது மூதூரான் வந்தான். அத்தானுக்குத் தயிர்ச்சட்டி கொண்டுவந்திருந்தான். என்னைக் கண்டதும் முகம் கறுத்தது, ஆனாலும் இருந்தான். அவன் இன்னும் அதே பாரில்தான் இறங்குகிறான். நான் போனாலும் வெடி போடுகிறவர்கள் அங்கே குறையவில்லை.

“போன கிழமையும் தட்டுச் சத்தம் கேட்ட,” என்றான் அவன் அக்காவிடம், அத்தானைக் காட்டிக்கொண்டு. “இவர் சொல்லித் தந்தபடி நான் கல்லுக்குள்ள போய் ஒளிஞ்சிட்டன். எங்களில எல்லாரும் இப்ப அப்பிடித்தான். அல்லாஹ் காப்பாத்தினான், வெடி தூரத்தில.”

அக்கா கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை. சுவரில் தொங்கிய கலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதினேன்.

‘கல்லுக்குப் பின்னால் ஒளியக்கூடாது. நான் உங்களுக்குச் சொன்னது பிழை. கல் வெடியைத் திருப்பி அடிக்கும். வெடி போட்டதும் நான், உங்களைக் கல்லடியில் இருத்தியதும் நான்.’

அத்தான் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தார். முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி வாசித்தார். பிறகு நிமிர்ந்து, “அப்ப மேல வந்திருந்தா?” என்று கத்திக் கேட்டார்.

நான் மூதூரானைக் கைகாட்டினேன்.

அத்தான் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவனுடைய காதுகளைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பி, “உனக்குத் தெரியுமே?” என்றார். அவள் ஓம் என்று தலையை அசைத்தாள். தயிர்ச்சட்டியை எடுத்துச் சுவரில் எறிந்தார். கதிரையை எடுத்து எறிந்தார். அலுமாரிக் கண்ணாடியைக் கையால் குத்தி உடைத்தார். என்மேல் மட்டும் கை வைக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

விடிந்ததும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு துறைக்குப் போனார். சுழியோடிகள் போட்டுகளில் சிலிண்டர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூதூரானும் நின்றான். அத்தான் என்னை ஒரு கவிழ்த்த போட்டின் மேல் ஏற்றி நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து அந்தக் கலண்டர்த் தாளை எடுத்து என் கையில் தந்தார்.

“வாசி,” என்றார்.

வாசித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. முன்னால் நின்ற இரண்டு பேர் மட்டும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தான் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எனக்குக் கேக்கேல்லை,” என்றார். “இன்னும் சத்தமா.”

நான் முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.